ஒன்றரை சென்ட் கேப்பை!

"போடிக்குப் போய் ஏலக்காய் பத்தி எழுதிட்டு வா தம்பி. படிக்கும்போதே வாசம் தூக்கணும்!"

ஆசிரியர் குழுவிலிருந்து இப்படி போன் வந்தபோது, நான் தெர்மோடைனமிக்ஸ் அரியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போடிநாயக்கனூர் எங்க அம்மா பிறந்த ஊர். அங்கே அம்மாச்சி இருக்கு, மாமா இருக்கார், மூணு வேளையும் சாப்பாடு இருக்கு. அரியர் எங்கே ஓடிடப் போகுது? பையைத் தூக்கிட்டேன்.

ஆனா ஃப்ரெண்ட்ஸ், ஏலக்காய் எழுதப் போனவன் கடைசியில் கேப்பை எழுதிட்டு வந்து நிக்கிறேன். கேப்பைன்னா கேழ்வரகு. ராகின்னு பாக்கெட்ல போட்டு விப்பாங்களே, அதேதான். ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்றேன்.

சென்ட்ரலுக்கு ரயில் விடுற ஊர்

மதுரையிலிருந்து காலை ரயில். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனின்னு சுமார் 90 கிலோமீட்டர். ஜன்னல் சீட்டுக்கு மேல காசு குடுக்கணும்னு கேட்டாலும் குடுக்கலாம்... அப்படி ஒரு பாதை!

இந்தத் தண்டவாளத்துக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கு. மலைச்சரக்கை மதுரைக்கு இறக்குறதுக்காக 1928-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை இது. அகலப் பாதையா மாத்தப்போறோம்னு 2010 கடைசியில் நிறுத்தினாங்க. தேனி வரைக்கும் 2022 மே மாதமும், போடி வரைக்கும் 2023 ஜூனிலும்தான் திரும்ப ஓட ஆரம்பிச்சது. அதாவது, நான் யு.கே.ஜி. படிச்சப்போ நின்ன ரயில், நான் காலேஜ் சேர்ந்த வருஷம் திரும்பி வந்திருக்கு! இப்போ போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கே ரயில் இருக்கு.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா, எந்தத் தெருவில் நின்னாலும் தெருக்கோடியில் மலை நிக்குது. நம்ம ஊர்ல தெரு முனையில் பிள்ளையார் இருப்பாரே, அந்த மாதிரி. அந்த மலைதான் ஏலமலை. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அங்கே கேரளா ஆரம்பிச்சுடும். 1956-ல் மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயிடுச்சு. தோட்டம் கேரளாவில்... வேலை செய்றவங்களும் வியாபாரம் பண்றவங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம். ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் நடக்கிறது ரெண்டே ஊர்ல. ஒண்ணு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடி, இன்னொண்ணு நம்ம போடி. ஊருக்குள்ள குடோன் வாசல்ல அக்காமார்கள் வட்டமா உட்கார்ந்து காய் பொறுக்குவாங்க. எட்டு மில்லிமீட்டருக்கு மேல உள்ள பெருங்காய் ஒரு குவியல், அதுக்குக் கீழே ஒரு குவியல், வெடிச்ச காய் ஒரு குவியல். வெர்னியர் காலிப்பர் வேண்டாம், விரலே போதும்!

அஞ்சு கிலோ பச்சைக் காயைக் காய வெச்சா, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். 2019 ஆகஸ்ட்டில் ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அடுத்த மூணே வருஷத்துல, 2022-ல், ஆயிரத்துக்குக் கீழே இறங்கிடுச்சு. ஷேர் மார்க்கெட் எல்லாம் இதுகிட்ட டியூஷன் படிக்கணும்!

இதெல்லாம் நோட்டுல குறிச்சுக்கிட்டு, 'கட்டுரை முடிஞ்சது மச்சி'ன்னு சந்தோஷமா அம்மாச்சி வீட்டுக்குப் போனா... அங்கே ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மாமாவா... அம்மாச்சியா?

சண்டை கொல்லையைப் பத்தி. வீட்டுக்குப் பின்னாடி ஒன்றரை சென்ட் இடம். ஓரத்துல ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மிச்சம் முழுக்க அம்மாச்சி வருஷா வருஷம் கேப்பை போடும். அன்னிக்கு ஆடி மாசக் கடைசி. ஒரு மூலையில நாத்து பச்சைப் பசேல்னு இருபது நாள் வளர்ந்து நின்னுச்சு.

மாமாவுக்கு ஜீப்தான் தொழில். விடியக்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, தோட்ட வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டு மலைக்குப் போவார். சாயங்காலம் இறக்கி விடுவார். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துல விடியறதுக்கு முன்னாடி எந்த ரோட்டுல நின்னாலும் இந்த ஜீப் வரிசையைப் பார்க்கலாம். உள்ளே தூக்குவாளியும் தூக்கமுமா பெண்கள்.

"தெருவுல நிறுத்துனா டீசலை உருவிடுறானுங்கம்மா! கொல்லையில சிமென்ட்டு போட்டா வண்டி உள்ள நிக்கும். இந்தக் கேப்பையை வெச்சுக்கிட்டு நீ என்ன கப்பலா வாங்கப் போற? கடையில போனா கிலோ நாப்பது, அம்பது!"

"கடையில வாங்குறது கேப்பைடா. இது விதை" என்றது அம்மாச்சி.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"ஒண்ணா? எம் பேரன் இஞ்சினியருக்குப் படிக்கிறான்ல... அவன்கிட்டக் கேளு."

ஆஹா! ரெண்டு பேரும் என்னையே பார்க்கிறாங்க. கேம்பஸ் இன்டர்வியூவுல கூட இப்படி வியர்க்காதுங்க. தப்பிக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆயுதத்தை எடுத்தேன்... லேப்டாப்.

எக்ஸெல்லும் ஏழரைக் கிலோவும்

கணக்கு இதுதான். நல்ல தண்ணி வசதியோட கேப்பை போட்டா ஏக்கருக்கு ஆயிரம் கிலோவாவது எடுக்கலாம். ஒரு ஏக்கர் நூறு சென்ட். அப்போ சென்ட்டுக்குப் பத்து கிலோ. ஒன்றரை சென்ட்டுக்கு 15 கிலோ. ஒரு ஆள் தினம் 200 கிராம் மாவு சாப்பிட்டா 75 நாள் வரும். வீட்டுல மூணு பேர் இருக்காங்க... 25 நாள்.

அதாவது, மூணரை மாசம் பாடுபட்டா, மூணு பேருக்கு ஒரு மாசச் சாப்பாடுகூட முழுசா வராது. பணமா பார்த்தா, மாமா நாலு ட்ரிப் ஜீப் ஓட்டினா அதைவிட அதிகமா வந்துடும். கொல்லையில தானியம் போட்டு வயிறு நிறையறதுங்கிறது, கணக்குப்படி நடக்காத காரியம். கத்திரி, வெண்டை, கீரைன்னா கூடை கூடையா பறிக்கலாம். தானியம் அப்படி இல்ல, அதுக்கு இடம் வேணும். வீட்டுத் தோட்டம்னாலே எல்லாரும் காய்கறியோட நிறுத்திக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

மாமா ஜெயிச்ச மாதிரி சிரிச்சார். அம்மாச்சி அந்த ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இந்தப் பெட்டியில 2011-ஆம் வருஷம் இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குப் புரியல. மாமா சிரிப்பை நிறுத்திட்டார்.

கடைசியில ஒரு ஒப்பந்தம் ஆச்சு. கொல்லையில பாதி சிமென்ட், பாதி கேப்பை. பாதின்னா முக்கால் சென்ட். சுமார் முப்பது சதுர மீட்டர். என் கணக்குப்படி ஏழரைக் கிலோ.

அன்னிக்கே நாத்து நட்டோம். நான் ஸ்கேல், சணல் எல்லாம் எடுத்துட்டுப் போனேன். வரிசைக்கு வரிசை 22.5 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. விவசாயப் பல்கலைக்கழகத்தோட பரிந்துரை இது. மொத்தம் ஆயிரத்து முந்நூறு சொச்சம் நாத்து. அம்மாச்சிகிட்ட ஸ்கேல் இல்ல. ஒரு சாண், நாலு விரல்... அவ்வளவுதான். நான் ஒரு வரிசை முடிக்கிறதுக்குள்ள அது நாலு வரிசை முடிச்சிடுச்சு. சும்மா இருக்க முடியாம அளந்து பார்த்தேன். ஸ்கேல் போட்டு நட்டதுக்கும் சாண் போட்டு நட்டதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. இடுப்பு மட்டும்தான் வித்தியாசம். எனக்கு ரெண்டு நாள் நிமிரவே முடியல!

இன்னொரு ஆச்சரியம்... இந்த ஆயிரத்து முந்நூறு நாத்துக்கும் வேண்டிய விதை எவ்வளவு தெரியுமா? கடுகைவிடச் சின்னது கேப்பை. ஒரு கிராம்ல முந்நூறு விதைக்கு மேல நிக்கும். ஏக்கருக்கே ரெண்டு கிலோ விதைதான். முக்கால் சென்ட்டுக்கு 15 கிராம். உள்ளங்கைக் குழியில அடங்கிடும்.

பாதை மூடினா...

அன்னிக்கு ராத்திரி திண்ணையில படுத்திருந்தப்போதான் அம்மாச்சி அந்த 2011 கதையைச் சொன்னுச்சு.

2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்னை ரெண்டு மாநிலத்துலயும் கொதிச்ச நேரம். எல்லைச் சாலைகள் அடைபட்டுச்சு. மலைத் தோட்டங்கள்ல வேலை பார்த்த தமிழ்நாட்டுத் தொழிலாளிங்க பயந்து போய், கூட்டம் கூட்டமா தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தாங்க. அம்மாச்சியும் அதுல ஒண்ணு.

"மெயின் ரோடு வேணாம்னுட்டு காட்டுப் பாதையில இறங்கினோம்யா. பதினோரு பொம்பளைங்க. ராத்திரி ஒரு முதுவர் குடியில படுத்தோம். எங்கூட காய் எடுக்க வர்ற முதுவப் பொண்ணு வீடு. களி கிண்டிப் போட்டா. காலையில கிளம்புறப்ப ரெண்டு படி கேப்பையை மடியில கட்டிவிட்டா. 'ஒரு படி திங்க... ஒரு படி விதைக்க. திரும்ப எப்ப வேலைக்கு வருவீங்களோ'ன்னா."

முதுவர்கள் இந்த மலைச்சரிவில் ரெண்டு பக்கமும் வாழுற பழங்குடி மக்கள். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் சிலையை முதுகுல சுமந்துக்கிட்டு மலையேறினதால முதுவர்னு பேர் வந்துச்சுன்னு அவங்க வழிவழியா ஒரு கதை சொல்றாங்க. சரிவைத் திருத்தி கேப்பை விதைச்சு, ரெண்டு மூணு வருஷத்துல வேற இடம் மாறுறது அவங்களோட பழைய விவசாய முறை. காடெல்லாம் காப்புக்காடானதுக்கு அப்புறம் அது குறைஞ்சு போச்சு. இப்போ அவங்களும் காப்பி, மிளகு, ஏலம்னு மாறிட்டாங்க.

இங்கே ஒரு வேடிக்கை. ஏலக்காய் இந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான செடி. கேப்பையோட பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவோட மேட்டு நிலம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே கடல் தாண்டி வந்துடுச்சு. சொந்த ஊர்க்காரன் ஏற்றுமதியாகி வெளிநாட்டுக்குப் போறான்... வெளிநாட்டுல இருந்து வந்தவன் மலைக்காரங்க வீட்டுச் சோறாயிட்டான்!

அம்மாச்சி அந்த ஒரு படியை விதைச்சுச்சு. அன்னியிலிருந்து வருஷா வருஷம் அதே விதைதான். நல்ல கதிராப் பார்த்துத் தனியா அறுத்து, கட்டி, அடுப்புக்கு மேல தொங்க விட்டுடும். புகைபட்டா பூச்சி வராது. பொதுவாவே கேப்பையில அவ்வளவா வண்டு விழாது. பல வருஷம் வெச்சிருந்தாலும் கெடாது.

அப்புறம் 2020 மார்ச். ஊரடங்கு. மறுபடியும் எல்லை மூடிடுச்சு. மாமாவோட ஜீப் மாசக்கணக்கா ஓடல. "ரேஷன்ல அரிசி குடுத்தாங்க, இல்லைங்கல. ஆனா பானையில மூணு படி கேப்பை இருந்துச்சு பாரு... அப்பத்தான் ராத்திரி தூக்கம் வந்துச்சு" என்றது அம்மாச்சி.

மாமா எதிர்த்துப் பேசல. அந்தக் கேப்பைக் கூழை அவரும்தானே குடிச்சார்!

எனக்கு அப்போதான் உறைச்சது. இந்த ஊருல சம்பளம் வர்றது ஒரே ஒரு பயிர்ல, ஒரே ஒரு ரோடு வழியா. விலை விழுந்தாலும் போச்சு, ரோடு மூடினாலும் போச்சு. நான் போட்ட கணக்குல ரோடு எப்பவும் திறந்தே இருந்துச்சு.

மிக்ஸியில் சுத்தின தினை

ஊருக்குக் கிளம்புறப்போ, "நானும் எங்க மொட்டை மாடியில போடுறேன்"னு வீரமா சொல்லி வெச்சேன். அம்மாச்சி கேப்பை விதையை எடுத்துச்சு. "அது வேணாம், தினை குடு"ன்னேன். பிளஸ் டூவுல தமிழய்யா நடத்தின குறிஞ்சித் திணை பாதிப்பு. மலைச்சரிவில் தினைப்புனம், பரண் மேல தலைவி, கையில கவண், கிளி ஓட்டுறா... அந்த சீன்தான் ஓடுச்சு. சங்கப் பாட்டுல வர்ற குறிஞ்சி நிலம்னா இந்த மாதிரி மலைச்சரிவுதானே!

"வேணாம்யா, உன்னால ஆகாது" என்றது. கேட்கலையே!

மதுரையில எங்க மாடியில ஆறு பெரிய பை. மண்ணும் மட்கின எருவும் பாதிக்குப் பாதி. விதைச்ச அஞ்சாம் நாள் முளைச்சுடுச்சு. ரெண்டே மாசத்துல நரி வால் மாதிரி கதிர் தள்ளிடுச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சா லைக்கு பிச்சுக்கிச்சு. கதிர்ல பால் பிடிச்ச வாரம் வந்தாங்க பாருங்க விருந்தாளிங்க... சிட்டுக்குருவி, தினைக்குருவி, எதிர் வீட்டு மரத்துக் கிளி. பரண் மேல தலைவி உட்கார்ந்திருந்தது காதலிக்கிறதுக்கு மட்டும் இல்லைங்கிற உண்மை அன்னிக்குத்தான் விளங்குச்சு. கொசுவலையை அவுத்து மூடினேன். அந்த வாரம் முழுக்க கொசு என்னைக் கடிச்சது... தினை தப்பிச்சது.

சுமார் 90 நாள்ல அறுவடை. 350 கிராம்! நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உமி நீக்கப் போனேன். அங்கேதான் கதை கந்தல். தினை, சாமை, குதிரைவாலி, வரகு எல்லாத்துக்கும் மேல உமி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை எடுத்தாத்தான் சாப்பிட முடியும். கையால தேய்ச்சேன், வரல. மிக்ஸியில போட்டு ஒரு சுத்து சுத்தினேன். உமியும் அரிசியும் கலந்த மரத்தூள் மாதிரி ஒண்ணு வந்துச்சு. அம்மா மோந்து பார்த்துட்டு மாடியில குருவிக்கே போட்டுடுச்சு. குருவிங்களுக்கு என்ன ஒரு பொறுமை... கடைசியில அதுங்கதான் ஜெயிச்சது!

போன்ல சொன்னா அம்மாச்சி சிரிச்சு மாளல. "அதுக்குத்தான்யா கேப்பை வாங்கிக்கன்னேன். கேப்பைக்கு உமி எடுக்கிற வேலை கிடையாது. அடிச்சு, புடைச்சு, நேரா அரைச்சுக்கலாம். தினைன்னா உரல் வேணும், உலக்கை வேணும், குத்துறதுக்கு ரெண்டு பொம்பளை வேணும். உங்கிட்ட என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. எங்கிட்ட ஒரு அரியர் இருக்கு.

ஜீப் ஓடிய களம்

தீபாவளி முடிஞ்சு மூணாவது வாரம் மறுபடியும் போடி. மலை முழுக்க மேகம். கொல்லையில பாதி, பளபளன்னு சிமென்ட். மீதிப் பாதியில கேப்பைக் கதிர், விரலை உள்ளே மடக்கின கை மாதிரி, பழுப்பு நிறத்துல தலை சாய்ஞ்சு நிக்குது. கேப்பைக் கதிரெல்லாம் ஒரே நாள்ல முத்தாது. முத்தினதை அம்மாச்சி ஒரு வாரத்துக்கு முன்னாடியே ஒரு தடவை அறுத்துடுச்சு. மீதியை நானும் அதுவுமா அறுத்தோம்.

ஐப்பசி மழை நேரம். நனைஞ்ச கதிரைக் குவிச்சு வெச்சா சூடேறிப் பூசணம் பிடிச்சுடும். மண் தரையில காய வைக்க முடியாது. அம்மாச்சி கதிரைக் கூடையில வெச்சுக்கிட்டு நாலா பக்கமும் பார்த்துச்சு. நானும் பார்த்தேன். ரெண்டு பேர் கண்ணும் ஒரே இடத்துல போய் நின்னுச்சு... மாமாவோட சிமென்ட் தளம்!

ஜீப் விடியக்காலை போனா சாயங்காலம்தான் வரும். பகல் பூரா தளம் சும்மாதான் கிடக்கு. கழுவி விட்டு, கதிரைப் பரப்பினோம். மூணு நாள் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துச்சு. சாரல் வந்தா தார்ப்பாயைப் போட்டு மூட நான் ஓடுவேன். நாலாம் நாள் ஞாயித்துக்கிழமை. மாமா வீட்டுல இருந்தார். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "ரோட்டுல கதிரைப் போட்டு வண்டி ஏத்தி அடிப்பாங்கள்ல... நம்ம வண்டிய ரெண்டு தடவை ஓட்டவா?"ன்னார். அம்மாச்சி முறைச்சுச்சு. "களியில ஆயில் வாசம் அடிக்கும்டா!" ஆனாலும் மகன் ஆசையைக் கெடுக்கல. டயரைக் கழுவச் சொல்லுச்சு. கதிருக்கு மேல சாக்கு விரிச்சோம். மாமா வண்டியை முன்னாடி பத்தடி, பின்னாடி பத்தடின்னு மெதுவா ஓட்டினார். பதினேழு கொண்டை ஊசி வளைவுல ஓட்டுற கை... அன்னிக்கு அந்தப் பத்தடிக்கு அவ்வளவு கவனம்!

விதைக்கட்டை மட்டும் அம்மாச்சி அந்தப் பக்கமே கொண்டு வரல. அதைத் தனியா சின்னத் தடியால பதமா தட்டி உதிர்த்துச்சு. சொளகுல புடைச்சு, காத்துல தூத்தி, கடைசியில எடை போட்டோம்.

நாலு கிலோ எண்ணூறு கிராம்.

எக்ஸெல் சொன்னது ஏழரை. முருங்கை நிழல் விழுந்த ரெண்டு வரிசை சரியா வரல. கேப்பைக்கு முழு வெயில் வேணும். குருவி தின்னது கொஞ்சம், மழையில போனது கொஞ்சம். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மாச்சி பிரிக்க ஆரம்பிச்சுடுச்சு. அடுத்த வருஷ விதைக்கு ஒரு உழக்கு. அம்மாவுக்குக் குடுத்து விட ஒரு உழக்கு. வீட்டுக்கு ஒரு பங்கு. தனியா ஒரு மஞ்சப் பையில ஒரு படி.

"இது யாருக்கு?"

"நாளைக்குக் குரங்கணி போவோம், வா."

மலைக்குத் திரும்பிய படி

போடியிலிருந்து குரங்கணி சுமார் 15 கிலோமீட்டர். மாந்தோப்பு, தென்னை, இலவ மரம்னு போய்க்கிட்டே இருக்கும். கூடவே கொட்டக்குடி ஆறு, பாறைக்குப் பாறை தாவிக்கிட்டு வரும். ரோடு அங்கே முடிஞ்சு மலை எழும்புது. அதுக்கு மேல இருக்கிற மலைக் கிராமத்துப் பேர் என்ன தெரியுமா? சென்ட்ரல் ஸ்டேஷன்! அதுக்கும் மேல டாப் ஸ்டேஷன். எங்கேயும் ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல மூணாறு தேயிலையை இந்தப் பக்கம் இறக்குறதுக்கு ரோப்வே போட்டிருந்தாங்க. அந்த ஸ்டேஷன் பேர்தான் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில், மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவங்களை இழந்த மலையும் இதுதான். அதுல நம்ம வயசை ஒட்டினவங்க பல பேர். மேலே போக வனத்துறை அனுமதி வேணும். நாங்க போகல. மேலேயிருந்து அவங்க இறங்கி வந்தாங்க.

டீக்கடை பெஞ்சுல அம்மாச்சியும் அந்த முதுவ அம்மாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தாங்க. ரெண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டின வயசு. சேலையை முதுகுப் பக்கமா முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாங்க அவங்க. கொஞ்ச நேரம் யாரு செத்தா, யாருக்குக் கல்யாணம்னு பேச்சு ஓடுச்சு. அப்புறம் அம்மாச்சி மஞ்சப் பையை எடுத்து நீட்டுச்சு.

அவங்க பையைப் பிரிச்சு, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில பரப்பிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"எங்ககிட்ட இது இல்ல மதினி" என்றாங்க. "ரெண்டு வருஷம் பன்னி அழிச்சிருச்சு. விதைக்குக்கூட மிஞ்சல. போன வருஷம் கடையில வாங்கிப் போட்டோம். அது வேற."

நான் டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டேன்.

2011-ல் மலையிலிருந்து ஒரு மடியில இறங்கி வந்த விதை. மலையில அது தீர்ந்து போச்சு. ஊருக்குள்ள, முருங்கை மரத்துக்கும் சிமென்ட் தளத்துக்கும் நடுவுல, முக்கால் சென்ட்ல உயிரோட இருந்திருக்கு. அந்தக் கொல்லையில முழுக்க சிமென்ட் போட்டிருந்தா, இன்னிக்கு இந்தப் பை இல்ல. அதை முடிவு பண்ணுறதுக்கு நான் லேப்டாப்பைத் திறந்து நாலு ட்ரிப் ஜீப்போட ஒப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

"ரெண்டு படி குடுத்த. இப்ப ஒண்ணுதான் இருக்கு. அடுத்த வருஷம் இன்னொண்ணு" என்றது அம்மாச்சி.

"அடுத்த வருஷம் நான் தாரேன்" என்றாங்க அவங்க.

திரும்பி வர்ற பஸ்ல நான் எதுவும் பேசல. ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டா அறிவிச்சிருந்த 2023-ல, எங்க காலேஜ்லயும் ஸ்டால் போட்டாங்க. கேப்பை குக்கீஸ், தினை லட்டு எல்லாம் வாங்கித் தின்னேன். அதே வருஷம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகள்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு குடுக்கிற திட்டமும் ஆரம்பிச்சது. நூறு கிராம் கேப்பையில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, அரிசியில பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான்னு ஸ்டால்ல போர்டு வெச்சிருந்தாங்க. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஸ்டால்ல நான் ஒரு கேள்வியும் கேட்கல. இது எந்த ஊர் விதை, யார் வீட்டுல இருந்து வந்துச்சுன்னு.

ஊருக்குக் கிளம்புறப்போ அம்மாச்சி என் பை ஓரத்துல ஒரு சின்னத் துணி முடிச்சைச் செருகுச்சு. மோந்து பார்த்தேன், புகை வாசம். ஏலக்காய் வாசம் வீசுற கட்டுரை கேட்ட ஆசிரியர் குழு மன்னிக்கணும். வர்ற ஆடியில எங்க மாடியில அந்த ஆறு பையும் தயார். கொசுவலையும் தயார். அரியர்... அது நவம்பர்லயே கிளியர் ஆயிடுச்சுங்க!

உங்க மாடியிலும் விளையும்!

* முதல் தடவை போடுறவங்களுக்குக் கேப்பைதான் பெஸ்ட். உமி எடுக்கிற வேலை இல்ல. அடிச்சு, புடைச்சு, கழுவிக் காய வெச்சு, நேரா மில்லுல குடுத்து அரைச்சுக்கலாம்.

* ஒரு அடி ஆழமாவது மண் இருக்கணும். நாள் பூரா வெயில் படணும். மர நிழல்ல இலை மட்டும் வரும், கதிர் வராது.

* ஒரு சின்னத் தட்டுல நாத்து விட்டு, மூணு வாரத்துல எடுத்து நடுங்க. ஒரு சாண் இடைவெளியில வரிசை போதும்.

* கதிர்ல பால் பிடிக்கிறப்போ வலை கட்டாயம். இல்லைன்னா நீங்க வளர்க்கிறது கேப்பை இல்ல... குருவி!

* சோளம் போட்டா ஒரு எச்சரிக்கை. இளம் சோளப்பயிரில், அதுவும் தண்ணியில்லாம வாடின பயிரில், நச்சுத்தன்மை இருக்கும். பக்கத்து வீட்டு ஆடு, மாடு மேயாம பார்த்துக்கங்க.

* மக்காச்சோளம்னா ஒரே வரிசையா போடாதீங்க. நாலு வரிசையா, சதுரமா நட்டாத்தான் மகரந்தம் சரியா சேர்ந்து கதிர்ல மணி பிடிக்கும்.

* அறுக்கிறப்போ முதல்ல நல்ல கதிராப் பார்த்து விதைக்கு எடுத்து வெச்சிட்டு, மிச்சத்தைச் சாப்பிடுங்க. கேட்கிறவங்களுக்கு ஒரு பிடி குடுங்க. உங்ககிட்ட தீர்ந்து போனா, திரும்பக் கேட்க ஒரு ஆள் வேணும்ல!